அறிவித்த விலையை வியாபாரி ஏன் தருவதில்லை?

இந்த வாரமும் ஒருவர் வந்தார். பென்னாகரம் பக்கத்துக்காரர், மானாவாரி ராகி. வாசலுக்கே வந்த வியாபாரிக்கு மொத்த மூட்டையையும் போட்டுவிட்டார். "அரசாங்கம் சொன்ன விலையை அந்த ஆள் தரலை சார், யார்கிட்ட புகார் கொடுக்கணும்?" என்று கேட்கிறார். உழவர் உற்பத்தியாளர் குழுக்களோடு வேலை செய்யும் எனக்கு அறுவடை முடிந்ததும் வருடம் தவறாமல் வரும் கேள்வி இது. புகார் கொடுக்க இடமே இல்லை என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 2025-26 பருவத்துக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். முந்தைய பருவத்தில் 4,290. இது அரசு கொள்முதல் செய்யும்போது தரும் விலை. வியாபாரியை இது கட்டுப்படுத்தாது. அவர் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டாலும் சட்டப்படி குற்றம் இல்லை. டிவியில் அறிவித்தார்கள், பேப்பரில் வந்தது என்பதெல்லாம் சரிதான். ஆனால் உங்கள் மூட்டை கொள்முதல் நிலையத்தின் தராசில் ஏறினால்தான் அந்த விலை உங்களுடையது. வீட்டு வாசலில் எடை போட்டால் அது வியாபாரியின் விலை. படித்த பிள்ளைகள்கூட இதை மாற்றிப் புரிந்துகொண்டு அப்பாவிடம் சொல்கிறார்கள். தயவுசெய்து சரியாகச் சொல்லுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ராகிக்கென்றே நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போயும் திரும்பி வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஈரம்தான் காரணம். 12 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். நம்மவர்கள் நாலு ராகி மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து "காஞ்சிடுச்சு" என்கிறார்கள். மூட்டையின் வாய்ப்பக்கம் காய்ந்திருக்கும், அடியில் கைவிட்டால் சில்லென்று இருக்கும். மீட்டரில் வைத்தால் 14 காட்டும். மூட்டையை இறக்கி, பிரித்து, காயவைத்து, மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். அந்த வாடகைக்குப் பயந்துதான் பாதிப் பேர் வழியிலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

தார் ரோட்டில் கதிரைப் பரப்பி வண்டி ஏற்றுவதையும் விடுங்கள். கல்லும் மண்ணும் கலந்தால் கொள்முதல் நிலையத்தில் சலிக்கச் சொல்வார்கள். களம் இல்லையா? கிராம சபையில் கேளுங்கள். நூறு நாள் வேலையில் உலர்களம் கட்டிய ஊராட்சிகள் நம் மாநிலத்தில் எத்தனையோ உண்டு. கட்டும்போது ஊராருக்குக் கூலி, கட்டிய பிறகு வருடா வருடம் காய்ந்த தானியம். அக்டோபர் 2 கிராம சபை அறுவடைக்கு முன்னால் வருவது நமக்கு வசதி. "எங்கள் பகுதிக்கு ராகி கொள்முதல் நிலையம் வேண்டும்" என்ற தீர்மானத்தையும் அன்றைக்கே போடச் சொல்லுங்கள். டீக்கடையில் பேசியதைத் தீர்மான நோட்டில் ஏற்ற வேண்டாமா?

கொள்முதல் நிலையத்தில் காட்ட சிட்டா, அடங்கல் (நிலம், பயிர் விவரம் உள்ள பதிவுகள்), ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் கதிர் அறுக்கும் முன்பே எடுத்து வையுங்கள். அடங்கலில் பயிர் ராகி என்றுதான் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். போன வருடத்து நிலக்கடலையே அதில் நின்றுகொண்டிருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தாலோ, குத்தகை நிலமாக இருந்தாலோ இப்போதே வி.ஏ.ஓ.வைப் பாருங்கள். மூட்டை கட்டிய பிறகு ஓடினால் ஒன்றும் நடக்காது.

விவசாயம் செய்யாதவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2023 முதல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி விலையில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். இந்தத் திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் மேட்டுக்காட்டில் விளைந்தது, நம் ஊர்ப் பெண்கள் கதிர் அறுத்தது, நம் ஆட்கள் மூட்டை ஏற்றி இறக்கியது நம் வீட்டுக் களியாக வருகிறது. அந்தக் கூலியெல்லாம் இங்கேயே சுற்றும். "ரேஷன் ராகியா" என்று முகம் சுளித்துக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள், வாங்க ஆளில்லாத தானியத்தை அரசு எத்தனை வருடம் கொள்முதல் செய்யும் என்று யோசிக்க வேண்டும். வாங்குங்கள். புடைத்து, கழுவி, காயவைத்து, மெஷினில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். தரம் சரியில்லை என்றால் மூட்டையைக் காட்டிக் கடைக்காரரிடமே கேளுங்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள்.