பெல்ட்டில் இருக்கும் தோட்டாவுக்கு என்ன வயது?

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, சொந்த உரிமத்தில் ஒரு 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கி, வங்கியிலோ நகைக்கடையிலோ கேஷ் வண்டியிலோ காவலுக்கு நிற்கும் முன்னாள் படைவீரர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நான் ராணுவத்தில் ஆர்மரராக (ஆயுதம் பழுதுபார்ப்பவராக) இருந்துவிட்டு இப்போது உரிமம் உள்ள கடையில் துப்பாக்கி பழுதுபார்க்கிறேன். அதனால் அவர்களில் பலருடைய துப்பாக்கி என் மேஜைக்கு வரும். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். குழல் சுத்தமாக இருக்கும், கட்டையில் பாலிஷ் இருக்கும், கீலில் அளவாக எண்ணெய் இருக்கும். கூடவே வரும் தோட்டா பெல்ட்டைத் திறந்தால்தான் எனக்குப் பயம் வருகிறது.

இது அவர்களுடைய அலட்சியம் இல்லை, பழக்கிவிட்ட விதம் அப்படி. படையில் ஆயுதம் சிப்பாயின் பொறுப்பு. தினமும் புல்த்ரூ என்ற குழல் துடைக்கும் கயிற்றில் சிந்தி (துணித் துண்டு) மாட்டி இழுப்பான், 'ஜாஞ்ச் சஸ்த்ர்' (ஆயுதத்தைச் சோதி) என்றால் கை தானாகப் போகும், கோத்தில் (ஆயுத அறையில்) திருப்பிக் கொடுக்கும்போது இன்னொருவர் பார்த்து வாங்குவார். தோட்டா விஷயம் வேறு. பெட்டியில் லாட் நம்பரும் (எந்தத் தொகுப்பில் செய்தது என்ற எண்) தயாரித்த வருடமும் அச்சடித்திருக்கும். எந்த லாட் எந்த டிப்போவில் எவ்வளவு நாளாக இருக்கிறது, எதைச் சோதிக்க வேண்டும், எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று பார்ப்பதற்கே படைக்குத் தளவாடம் வழங்கும் ஆர்ட்னன்ஸ் கோரில் தனி ஆட்கள் உண்டு. சிப்பாய் கையில் வந்து சேரும்போது அது பலர் பார்த்துக் கழித்துக் கொடுத்த சரக்கு. அதனால் தோட்டாவைச் சந்தேகப்படும் பழக்கமே அவனுக்கு வருவதில்லை. ஓய்வு பெற்று வந்தபின் துப்பாக்கி துடைக்கும் கை கூடவே வருகிறது, அந்த டிப்போ கூட வருவதில்லை. இனி தன் தோட்டாவுக்குத் தானே டிப்போ என்பதை யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

தோட்டா தவறினால் எவ்வளவு நல்ல துப்பாக்கியும் தவறும் என்பதற்கு, எங்கள் தொழிலில் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் எம்-16 ரைஃபிள் பட்ட பாடு. அந்த ரைஃபிளை உருவாக்கிச் சோதித்தது ஒரு வகை வெடிமருந்தில். படைக்குப் பெருமளவில் வாங்கியபோது தோட்டாவில் வேறு வகை மருந்தைப் போட்டார்கள். புது மருந்து உள்ளே அதிகக் கசடு படிய விட்டது, சுடும் வேகத்தையும் கூட்டியது. போதாக்குறைக்கு, இந்த ரைஃபிளுக்குத் துடைக்கும் வேலை அதிகம் கிடையாது என்ற பேச்சு பரவியது. பல பிரிவுகளுக்குத் துடைக்கும் சாமான்கூடப் போய்ச் சேரவில்லை. ஈரக் காட்டில் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) துருப்பிடித்து, சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது. குச்சியை விட்டுக் குத்தி எடுக்கப் பார்த்த நிலையிலேயே சிப்பாய்கள் செத்தார்கள். 1967-ல் ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்து, சரியாகச் சோதிக்காமல் மருந்தை மாற்றியதைக் கடுமையாகக் கண்டித்தது. அப்புறம் சேம்பருக்கு குரோம் பூசினார்கள், மருந்தைத் திருத்தினார்கள், துடைக்கும் சாமானும் பயிற்சியும் கொடுத்தார்கள். அதே ரைஃபிள் குடும்பம்தான் பல பத்தாண்டுகள் ஓடியது. இன்றும் சிலர் எம்-16 மோசம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ரைஃபிளும் தோட்டாவும் பராமரிப்பும் மூன்றும் சேர்ந்ததுதான் ஆயுதம். ஒன்றை மாற்றிவிட்டு மற்ற இரண்டும் தாங்கும் என்று நம்பக் கூடாது.

சரி, நம் பெல்ட்டுக்கு வருவோம். பல வருடம் இடுப்பில் இருந்த ஒரு தோட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் பித்தளைத் தொப்பியில், தோல் வளையம் உரசிய இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். தோல் பதனிடும் பொருளும் வியர்வையும் சேர்ந்து பித்தளையை அரிப்பதால் வருவது அது. மேல்முனையில் நட்சத்திரம் மாதிரி மடித்த மடிப்பு, தினமும் காலையில் போட்டு மாலையில் எடுத்து, தளர்ந்து வாய் திறந்திருக்கும். காதருகே ஆட்டினால் உள்ளே ஈய ரவை (சிறு குண்டுகள்) அசையும் சத்தம் கேட்கும். எல்.ஜி.யா எஸ்.ஜி.யா என்று ரவையின் அளவைச் சொல்லும் எழுத்து தேய்ந்து போயிருக்கும். அடியின் நடுவில், அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பின் மேல் லேசான பள்ளம் இருந்தால், அதை ஏற்கெனவே ஒருமுறை அடித்துப் பார்த்து வெடிக்காமல் திரும்பப் பெல்ட்டிலேயே சொருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் அந்தத் தோட்டா பெல்ட்டில் இருக்கக் கூடாது. பழைய காகிதக் குழல் தோட்டா என்றால் இன்னும் மோசம். நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் ஊதிப்போய்ச் சேம்பரில் பாதியில் நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு மருந்துக்குள் நடப்பது. புகையில்லா மருந்து நைட்ரோசெல்லுலோஸில் செய்வது. அது தானாகவே மெல்ல மெல்லச் சிதையும். அதைத் தடுக்க ஒரு நிலைப்படுத்தும் பொருளைச் சேர்த்திருப்பார்கள். வெப்பம் ஏற ஏற அந்தப் பொருள் சீக்கிரம் தீரும். தகரக் கூரை அறையிலும், வெயிலில் நிற்கும் கேஷ் வண்டியின் டேஷ்போர்டிலும் வைத்தால் தோட்டாவின் ஆயுள் குறைகிறது. மகாராஷ்டிராவில் புல்காவ் மத்திய வெடிபொருள் கிடங்கில் 2016 மே 31 அன்று தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அங்கே இருந்தது கண்ணிவெடி, நம்மிடம் இருப்பது ரவைத் தோட்டா, அளவில் ஒப்பிடவே முடியாது. ஆனாலும் வெடிபொருள் சும்மா கிடந்தாலும் மாறிக்கொண்டுதான் இருக்கும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

கெட்ட தோட்டா மூன்று விதமாக நடந்துகொள்ளும். ட்ரிகரை இழுத்தும் ஒன்றும் நடக்காமல் போவது ஒன்று. சற்றுத் தாமதித்து வெடிப்பது இன்னொன்று. முதல் கணத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் 'கிளிக்' என்று மட்டும் கேட்டால் உடனே துப்பாக்கியை மடக்கித் திறக்காதீர்கள். குழலை ஆளில்லாத பக்கம் காட்டியபடி குறைந்தது 30 நொடி அப்படியே நில்லுங்கள். பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு திறந்து எடுங்கள். அதே தோட்டாவை மறுபடி அடித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

மூன்றாவதுதான் ஆளைக் கெடுப்பது. வழக்கமான அதிர்வு இல்லாமல் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். மருந்து சரியாக எரியாததால் உள்ளே இருந்த வாடோ (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) ரவையோ குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதைப் பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். குழலுக்கடியில் இருப்பது உங்கள் இடது கை. சத்தம் மாறினால் நிறுத்துங்கள். இரண்டு தோட்டாவையும் எடுத்துவிட்டு, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று சேம்பர் பக்கமிருந்து பாருங்கள்.

வெளிச்சம் பார்க்கும் பழக்கம் இன்னொரு நேரத்திலும் உதவும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். திரும்பி வரும்போது குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிய கையோடு திறந்து பார்க்காமல் தோட்டாவைப் போடுபவர்கள் உண்டு.

தாத்தா காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவற்றில் பல 65 மி.மீ. சேம்பர் கொண்டவை. இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மி.மீ. 'உள்ளே சரியாகப் போகிறதே' என்பார்கள். போகத்தான் செய்யும். ஏனென்றால் 70 மி.மீ. என்பது சுட்ட பிறகு மடிப்பு விரிந்த நீளம், சுடுவதற்கு முன் அது குட்டை. சுடும்போது விரிய இடமில்லாமல் வாய் நெருக்கிக்கொள்ளும், அழுத்தம் எகிறும். சேம்பர் நீளம் குழலில் பொறித்திருக்கும். பொறிக்காவிட்டால் அளந்து சொல்லச் சொல்லுங்கள். அதேபோல் வீட்டில் 20 போரும் 12 போரும் இருந்தால் இரண்டு தோட்டாவையும் ஒரே பையில் போடவே கூடாது. 20 போர் தோட்டா ஒல்லியானது, 12 போர் குழலுக்குள் வழுக்கி முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியாது. காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான்.

சேஃப்டி கேட்ச் பற்றியும் ஒரு தவறான தைரியம் இருக்கிறது. சாதாரண டபுள் பேரல்களில் பெரும்பாலானவற்றில் அது ட்ரிகரை மட்டும்தான் பூட்டும். உள்ளே சுத்தியல் ஏற்றிய நிலையிலேயே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருந்தால், துப்பாக்கி சுவரில் சாய்த்த இடத்திலிருந்து வழுக்கி விழுந்த அதிர்ச்சியிலேயே சுத்தியல் விழும். ட்ரிகரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், சேஃப்டியும் போட்ட இடத்திலேயே இருக்கும். டீ குடிக்கப் போகும்போதும், சாப்பிடும்போதும், வேறு எங்காவது வைக்கும்போதும் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாவை எடுத்துவிடுங்கள். படையில் கற்ற அதே பரிசோதனைதான். வங்கி ஹாலில் பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்று கூச்சப்பட வேண்டாம், அவர்கள் பார்ப்பதே நல்லது.

எண்ணெய் விஷயத்தில் நம் ஆட்கள் தாராளம். ஆணி கழற்றத் தெளிக்கும் ஸ்ப்ரேயைத் துப்பாக்கிக்கும் அடித்து, அந்தக் கையோடு தோட்டாவையும் துடைத்து வைப்பார்கள். ஊடுருவும் எண்ணெய் கேப்பின் ஓரம் வழியாக உள்ளே இறங்கினால் அது செத்துவிடும். தோட்டாவுக்கு உலர்ந்த துணி போதும். சேம்பரையும் சுடுவதற்கு முன் உலரத் துடைத்துவிட வேண்டும்.

கழித்த தோட்டாவைக் கிணற்றில் போடுவது, புதைப்பது, குப்பையோடு எரிப்பது எதுவும் கூடாது. பிரித்து மருந்தை எடுக்க முயல்வது அதைவிட ஆபத்து. விசேஷ வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டுத் தீர்க்கலாம் என்று நினைத்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். உரிமப் புத்தகத்தோடு டீலரிடமோ காவல் நிலையத்திலோ போய் எழுத்துமூலம் கேட்டு ஒப்படையுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உரிமத்தில் ஏறியிருக்கும் எண்ணிக்கைக்கு அந்த ரசீதுதான் உங்கள் ஆதாரம்.

இவ்வளவும் சொன்னால், கடைக்கு வரும் அண்ணன்மார்கள் கேட்பது ஒன்றுதான்: "புதுசு வாங்க காசு யார் கொடுப்பா, தம்பி?" நியாயமான கேள்வி. துப்பாக்கியும் உரிமமும் காவலருடையது, சம்பளம் ஏஜென்சியுடையது, பாதுகாப்பு கிடைப்பது வங்கிக்கு. தோட்டாச் செலவு மட்டும் காவலர் தலையில். வாங்கும் சம்பளத்தில் அவர் சுடாத தோட்டாவை ஏன் மாற்றப்போகிறார்? தீயணைப்பு சிலிண்டருக்கு வருடா வருடம் பணம் ஒதுக்கி, அட்டையில் தேதி எழுதித் தொங்கவிடும் கிளை மேலாளர்கள், தங்கள் வாசலில் நிற்பவரின் தோட்டாவுக்கும் அதே கணக்கில் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். ஏஜென்சிகள் வருடத்துக்கு ஒருமுறை ரைஃபிள் கிளப்பிலோ காவல்துறை அனுமதித்த தளத்திலோ, மேலே சொன்ன கேடு இல்லாத பழையதைச் சுட வைத்து, அதே நாளில் புதியதைக் கொடுக்கலாம். காவலருக்குக் கை பழகும், துப்பாக்கி அடிக்கிறதா என்றும் தெரிந்துவிடும். அந்த ஏற்பாடு வரும்வரை, வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் ஒவ்வொரு தோட்டாவின் பக்கவாட்டிலும் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். மாலையில் வீட்டுக்குப் போனதும் தோல் பெல்ட்டிலிருந்து எடுத்து, மூடியுள்ள உலர்ந்த டப்பாவில் போட்டுப் பூட்டி வையுங்கள். துப்பாக்கியை அடுத்த முறை சர்வீசுக்குக் கொண்டுவரும்போது பெல்ட்டையும் கொண்டு வாருங்கள்.