ஐந்தே நிமிடம், டாக்டர்

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணி. பார்வையாளர் நேரம். பக்கவாதம் என்று சந்தேகப்பட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு 108 ஆம்புலன்ஸ் எங்கள் மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. அவசரப் பிரிவு முகப்பில் ஒரு வெள்ளைக் கார், நான்கு விளக்குகளும் மினுங்க, ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னும் மூன்று. ஒலிபெருக்கியில் வண்டி எண்ணைச் சொல்லிப் பார்த்தோம். பலனில்லை. கடைசியில் ஸ்ட்ரெச்சரை வாசலிலேயே இறக்கினோம். அதன் முன்சக்கரம் மழைநீர் வடிகால் மூடியில் சிக்கிக்கொண்டது. இரண்டு ஊழியர்கள் அதைத் தூக்கிப் பிடிக்க, ஓட்டமும் நடையுமாக உள்ளே கொண்டுவந்தோம். காருக்குச் சொந்தக்காரர் பிறகு சாப்பாட்டுத் தூக்கோடு நிதானமாக இறங்கி வந்தார். "ஐந்தே நிமிடம்தான் டாக்டர், அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு எடுத்துவிடலாம் என்று பார்த்தேன்" என்றார்.

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம் என்பதைப் பலரும் பலமுறை எழுதியாகிவிட்டது. நான் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு ஐந்து நிமிடங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு பேர் அடுத்தடுத்து வந்து "ஐந்தே நிமிடம்" நிறுத்தினால், அந்த முகப்பு ஒரு மணி நேரம் முழுக்க அடைந்து கிடக்கும். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதுவும் உண்மையில் ஐந்து நிமிடமா? லிஃப்ட்டுக்குக் காத்திருப்பதிலேயே அது தீர்ந்துவிடும். மினுங்கும் விளக்கைப் போட்டுவிட்டால் வண்டி நிறுத்தியதாகவே கணக்கில்லை என்றொரு நம்பிக்கை வேறு நம் ஊரில் இருக்கிறது. அவசர வாகனத்துக்கு வழிவிடாதவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். சாலையில் சைரன் கேட்டு ஒதுங்குகிறவர்களும் மருத்துவமனை வளாகத்துக்குள் வந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் இடம் ஒதுக்கினால் என்ன என்று கேட்கிறார்கள். ஒதுக்கினோம். மரத்தடியில் கிராமத்துக்காரர்கள் சாப்பிட உட்காரும் இடம்தான் போயிற்று. இரண்டே வாரத்தில் அதுவும் நிரம்பிவிட்டது.

நோயாளியைப் பஸ்ஸில் கூட்டிவருவதா, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் பலருடைய உண்மையான கவலை. மாதாமாதம் பரிசோதனைக்கு வருபவருக்குக் கார் மருந்தல்ல. சென்னையில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு எதிரே சென்ட்ரல் ரயில் நிலையமும் மெட்ரோவும் இருக்கின்றன. பூங்கா நிலையம் அதை ஒட்டியே இருக்கிறது. ஓமந்தூரார் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அரசினர் தோட்டம் மெட்ரோ. எழும்பூர் நிலையத்திலிருந்து கண் மருத்துவமனைக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் நடந்தே போய்விடலாம். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. மூட்டுவலிக்காரர்கள் படியேற வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைக்காக மட்டுமே வருபவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் பகுதியில் பெயர் கொடுத்துப் பாருங்கள். மாத்திரை வீட்டுக்கே வரும்.

காரோட்டி வரவே கூடாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்துப் பார்க்கும் பரிசோதனைக்குத் தனியாகக் காரில் வருகிறவரை என்ன சொல்வது? திரும்பும்போது எதிர்வெயில் கூசும், பெயர்ப்பலகை தெரியாது. மயக்க ஊசி போட்டு எண்டோஸ்கோபி செய்துகொண்டவர் அன்று முழுவதும் சாவியைத் தொடக் கூடாது. நெஞ்சுவலியோடு தானே ஓட்டி வந்து, முகப்பிலேயே ஸ்டீயரிங்மேல் சாய்ந்தவரை நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சுவலி, முகம் கோணுதல், மூச்சுத்திணறல், நிற்காத ரத்தப்போக்கு என்றால் பஸ்ஸும் வேண்டாம், சொந்தக் காரும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். நடக்க முடியாதவர்களையும் நிறைமாதக் கர்ப்பிணிகளையும் தாராளமாகக் காரில் கூட்டிவாருங்கள். இறக்கிவிட்டு வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நோயாளிக்கு இரண்டு கார்களில் எட்டுப் பேர் வராதீர்கள். ஆப்பிள் பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, எட்டுப் பேரும் சுற்றி நின்று, "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று எட்டு முறை கேட்டால் அவர் எப்போது தூங்குவது? ஒருவர் வாருங்கள். மற்றவர்கள் தொலைபேசியில் பேசுங்கள். அதுவே போதும்.

சரி, எங்கள் லட்சணம் என்ன என்று கேட்பீர்கள். வளாகத்தில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவை மருத்துவர்களுடையவைதான். என்னுடையதும் போன வருடம் வரை அங்கே நின்றது, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, ஒரு இஞ்ச் நகராமல். நோயாளிகளுக்கு உபதேசம் செய்யக் கூச்சமாக இருந்ததால் மெட்ரோவுக்கு மாறினேன். நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை. இரவுப் பணி நாட்களில் மட்டும் கார். நிலையத்துக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு பேட்டரி வண்டி விடுங்கள், பஸ் நிறுத்தத்தில் ஒரு நிழற்கூரை போடுங்கள், புறநோயாளி டோக்கனில் நேரம் குறித்துக் கொடுங்கள் என்று நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். பேட்டரி வண்டிக்கு மட்டும் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது.

அதுவரை என்னால் முடிந்தது, மருந்துச் சீட்டின் அடியில் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தின் பெயரையும் எழுதிக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர் அதையும் மாத்திரை என்று நினைத்து இரண்டு மருந்துக் கடைகளில் கேட்டிருக்கிறார். என் கையெழுத்து அப்படி.