வால்வு அம்பிளிபயர் வாங்குமுன் இரும்பைத் தூக்கிப் பாருங்கள்

பழைய வால்வு றேடியோவின் குமிழைத் திருப்பினால் அது உடனே பேசாது. வால்வுகள் எனப்படும் கண்ணாடிக் குழல்களுக்குள் செம்மஞ்சள் ஒளி மெல்லப் பரவி, ஏறக்குறைய அரை நிமிடம் கழிந்த பின்னரே செய்தி வாசிப்பவரின் குரல் தூரத்திலிருந்து நெருங்கி வருவதுபோல் எழும். யாழ்ப்பாணத்தின் முதிய தலைமுறைக்கு இது நன்றாகவே நினைவிருக்கும். வீட்டில் இசை கேட்பதற்கென இன்று ஒரு வால்வு அம்பிளிபயரை, அதாவது வால்வுகளைக் கொண்டு ஒலியைப் பெருக்கும் கருவியை, தேடுபவர், அந்தத் தாமதம் ஏன் ஏற்பட்டது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

வால்வின் நடுவிலுள்ள கதோட்டு சூடானால்தான் அதிலிருந்து இலத்திரன்கள் வெளியேறும். அதைச் சுற்றியிருக்கும் உலோகத் தகடான அனோட்டுக்கு 300 வோல்ற்று அளவில் நேர் அழுத்தம் கொடுத்தால், வெற்றிடத்தினூடாக அவை அங்கே பாயும். இந்த இரண்டுக்கும் இடையில் கிரிட் எனப்படும் மெல்லிய கம்பிச் சுருளொன்றை 1906ஆம் ஆண்டில் லீ டி ஃபொரஸ்ட் என்ற அமெரிக்கர் வைத்தார். கிரிட்டுக்குக் கொடுக்கப்படும் மறை அழுத்தம் இசையின் மின்னலைக்கேற்பச் சிறிது கூடினாலும் குறைந்தாலும் இலத்திரன் ஓட்டம் பெருமளவில் மாறும். வாய்க்காலில் மடையை ஒரு விரல் அகலம் அசைத்துத் தோட்டத்துக்குப் போகும் நீரைக் கட்டுப்படுத்துவது போன்றதுதான் இது.

ஆனால் வால்விலிருந்து வெளிவருவது உயர்ந்த அழுத்தமும் சிறிய மின்னோட்டமுமாகும். ஸ்பீக்கருக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. 5000 ஓம் அளவிலான சுமையை எதிர்பார்க்கும் வால்வையும் 8 ஓம் ஸ்பீக்கரையும் இணைத்துவைப்பது வெளியீட்டு நிலைமாற்றியின் (டிரான்ஸ்போமரின்) பணி. சுமைகளின் விகிதம் 625 என்பதால், அதன் வர்க்கமூலமாகிய 25 மடங்கு அதிகமான சுற்றுகள் ஸ்பீக்கர் பக்கத் துணைச்சுருளைவிட வால்வுப் பக்க முதற்சுருளில் இருக்கவேண்டும். கணக்கு எளிது, செய்வதுதான் கடினம். தாழ்ந்த மீடிறன்கள் குறையாமல் வர நிறைய இரும்பும் நிறையச் சுற்றுகளும் தேவை. சுற்றுகள் கூடக்கூட உயர்ந்த மீடிறன்கள் மங்கத் தொடங்கும். இரண்டையும் காப்பாற்ற முதற்சுருளையும் துணைச்சுருளையும் படைபடையாக மாற்றிமாற்றிச் சுற்றுகிறார்கள். வால்வு அம்பிளிபயரின் விலையில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது, போகவும் வேண்டும். கண்ணாடிக் குழல்களைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்; மலிவான நிலைமாற்றியோடு வாங்கியவர் கடைசிவரை அதனோடுதான் வாழவேண்டும். ஆகவே ஒரே வலு சொல்லப்படும் இரண்டு அம்பிளிபயர்களில் ஒன்று கைக்கு மிக இலேசாக இருந்தால், நான் அதைச் சந்தேகிப்பேன்.

ஒரேயொரு வால்வு முழு அலையையும் கையாளும் அமைப்பில் நேரோட்டமும் நிலைமாற்றியினூடாக ஓயாமல் ஒரே திசையில் பாய்வதால், இரும்பு முன்கூட்டியே காந்தமாகிவிடும். அதைச் சமாளிக்க இரும்பு அகணியில் காற்றிடைவெளி விட்டு, அளவையும் பெரிதாக்குகிறார்கள். இரண்டு வால்வுகள் எதிரெதிராக இழுக்கும் அமைப்பில் அந்த நேரோட்டங்களின் விளைவு ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. ஓசையிலும் வேறுபாடு உண்டு. ஒற்றை வால்வு சேர்க்கும் திரிபில் மூல மீடிறனின் இரு மடங்கான தொனி மேலோங்கும். அது ஸட்ஜத்துக்கு மேல் ஸட்ஜம் என்பதால் காதை உறுத்தாது, ஒலி சற்றுத் திரண்டதுபோலத் தோன்றும். எதிரிழுப்பு அமைப்பில் இரண்டு, நான்கு போன்ற இரட்டை எண் மடங்குத் தொனிகள் பெரும்பாலும் நீங்கிவிடும். மூன்று மடங்கான மேல் பஞ்சமம் போன்றவை எஞ்சும், ஆனால் மொத்தத் திரிபு குறைவு. வால்வின் “இனிமை” என்று புகழப்படுவதில் ஒரு பகுதி உண்மையில் சேர்க்கப்பட்ட ஒலிதான் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

300பி என்ற வகை வால்வு ஒன்று தனித்து 8 வாற்று அளவில்தான் தரும். இஎல்84 சோடி 10 முதல் 15 வாற்றும், இஎல்34 சோடி 35 வாற்றுக்கு மேலும் தரும். இவற்றுள் எது போதும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் உணர்திறன். ஒரு வாற்று கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை தெசிபல் கிடைக்கிறது என்பதே அது. ஒவ்வொரு 3 தெசிபலுக்கும் வலு இரட்டிக்கவேண்டும். 87 தெசிபல் ஸ்பீக்கர் 8 வாற்றில் எழுப்பும் ஒலியை, 96 தெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாற்றிலேயே எழுப்பிவிடும். கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி, சில பத்து வாற்றுகளைக் கொண்டு ஊரையே எழுப்புவதன் இரகசியமும் இந்த உணர்திறன்தான். நாதஸ்வரம் ஓரளவு சீரான வலுவில் ஒலித்தாலும், தவிலின் அடி சராசரிக்கு மேல் 20 தெசிபல் வரை பாயலாம்; 20 தெசிபல் என்பது நூறு மடங்கு வலு. ஆகவே ஸ்பீக்கரை முதலில் தெரிவுசெய்து, அம்பிளிபயரை அதற்குப் பொருத்துங்கள். சிறிய, உணர்திறன் குறைந்த ஸ்பீக்கர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், 300பி மோகத்தைக் கைவிட்டு இஎல்34 பக்கம் போவதே விவேகம்.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் அம்பிளிபயர் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அங்கே 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி கடைகளில் கிடைக்கும், ஆனால் அது மீடிறனை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கென்றே அளவாகச் செய்த மின்வழங்கல் நிலைமாற்றியில், 50 ஹேர்ட்ஸில் காந்தப் பாயம் ஐந்திலொரு பங்கு கூடும். இரும்பு மேலும் காந்தமேற முடியாத நிரம்பலை எட்டினால் அது உறுமும், கொதிக்கும். பின்தகட்டில் “50/60” என்று பொறித்திருக்கிறதா என்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் மின்னழுத்தம் 207 வோல்ற்றுக்கு இறங்கினால், 6.3 வோல்ற்று பெறவேண்டிய சூடாக்கிக்கு 5.7 அளவுதான் வரும்; கதோட்டு போதிய சூடின்றி உழைத்துத் தேயும். அத்தகைய இடத்தில் அழுத்தச் சீராக்கி வாங்குவது வீண்செலவன்று. ஓட்டத்தை வால்வே தன்பாட்டில் சரிசெய்துகொள்ளும் சுயசார்பு அமைப்பும், எளிதில் கிடைக்கும் இஎல்84, இஎல்34, இசிசி83 போன்ற வகைகளும் இங்கே உகந்தவை. நான்கு இஎல்34 உள்ள அம்பிளிபயரில் சூடாக்கிகள் மட்டுமே 38 வாற்று வரை எடுக்கும் என்பதால், சித்திரை வெயிலில் அதை மூடிய அலுமாரிக்குள் வைக்கவேண்டாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதை இயக்கவும் வேண்டாம்: சுமையில்லாத வெளியீட்டு நிலைமாற்றியில் எழும் மிகையழுத்தம் அதன் காவலியையே துளைக்கக்கூடும். மின்னை நிறுத்திய பிறகும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கலாம். எனவே அடித்தகட்டைத் திறக்கும் வேலையை அது தெரிந்தவரிடமே விடுங்கள்.