சுருதிப் பெட்டியோட வயலின் சாதகம் (பயிற்சி) பண்ணா காதுக்கு என்ன கிடைக்குது?

வாசகி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: பொண்ணு கர்நாடக வயலின் கத்துக்குறா, இப்போ சரளி வரிசைங்கிற ஆரம்பப் பாடம் போயிட்டிருக்கு, டீச்சர் சுருதிப் பெட்டி (ஆதார ஸ்வரம் நிக்காம ஒலிச்சுக்கிட்டே இருக்கற பெட்டி) போடாம வாசிக்கவே கூடாதுங்கிறாங்க, ஆனா போன்ல ட்யூனர் ஆப் இருக்கே, ஸ்வரம் சரியா விழுந்தா பச்சை லைட் எரியுதே, அது போதாதா? டீச்சர் சொல்றதுதான் சரி. ஏன்னு பார்த்தா அதுக்குள்ள இருக்குற ஃபிஸிக்ஸ் அவ்வளவு அழகு.

வீணையில ஸ்வர இடத்தைக் காட்டுற மெட்டுக் கட்டைங்க இருக்கு, வயலின்ல ஒண்ணும் கிடையாது, வெறும் வழவழப்பான கறுப்புப் பலகை. கம்பியோட அதிர்ற நீளம் சுமார் 33 செ.மீ. விரல் எங்க விழுதோ அங்கதான் ஸ்வரம். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே சுருதி மாறிடும், விரல் நுனியே அதைவிட எத்தனையோ மடங்கு அகலம். அப்போ அந்த ஒரு மில்லிமீட்டரைக் காது எப்படிக் கண்டுபிடிக்குது?

பதினொண்ணாவது ஃபிஸிக்ஸ்ல விம்மல் படிச்சிருப்பீங்க. 300 ஹெர்ட்ஸ், 301 ஹெர்ட்ஸ்னு ரெண்டு ஒலி ஒண்ணா வந்தா செகண்டுக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கும், வித்தியாசம் எவ்வளவோ அத்தனை விம்மல். இதுவரைக்கும் சாதாரணம். வயலின்ல இது எப்படிப் பெருசாகுதுங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

வில்லுல ரோஸின் (பிசுபிசுப்பான பிசின்) தடவியிருக்கோம் இல்லையா, அதனால வில் கம்பியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும், ஒரு கட்டத்துல கம்பி வழுக்கி விடுபட்டு திரும்ப ஓடும், உடனே மறுபடி பிடிபடும். செகண்டுக்கு முந்நூறு தடவை இது நடந்தா அதுதான் 300 ஹெர்ட்ஸ் ஸ்வரம். 19ஆம் நூற்றாண்டுலயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை மைக்ரோஸ்கோப் வெச்சுப் பார்த்துட்டாரு. இப்படிப் பிடிச்சு வழுக்குற அசைவுல 300 மட்டும் இருக்காது, 600, 900, 1200, 1500னு மேற்சுரங்கள் எல்லாமே சேர்ந்து வரும், அதுவும் வில் ஒவ்வொரு சுற்றையும் ஒண்ணாப் பூட்டி வெச்சிருக்கறதால கணக்குப் பிசகாம முழு மடங்குல வரும்.

இப்போ சுருதிப் பெட்டியில ஸ 300 ஹெர்ட்ஸ்னு வெச்சுக்குவோம், கிட்டத்தட்ட ரெண்டு கட்டை. சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்துல, அதோட காந்தாரம் (க) அந்தர காந்தாரம்ங்கிற வகை, ஸட்ஜத்துக்கு (ஸ) 5/4 மடங்கு, அதாவது 375. அதோட நாலாவது மடங்கு 1500. சுருதியோட அஞ்சாவது மடங்கும் 1500! ரெண்டும் அங்க சந்திக்குது. விரல் முக்கால் மில்லிமீட்டர் தள்ளி விழுந்து 376 ஆயிடுச்சுன்னு வைங்க, தனியாக் கேட்டா பெரும்பாலானவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா நாலாவது மடங்கு 1504 ஆயிடும், சுருதியோட 1500க்கும் அதுக்கும் செகண்டுக்கு நாலு விம்மல், சத்தத்துல ஒரு நடுக்கம் மாதிரி கேட்கும். ஒரு ஹெர்ட்ஸ் தப்பை நாலா பெருக்கிக் காட்டுது. விரலை மெதுவா நகர்த்தினா அந்த நடுக்கம் நாலு, மூணு, ரெண்டுன்னு குறைஞ்சு அப்படியே நின்னுடும், நின்ன இடத்துல காந்தாரம் சுருதியோட கரைஞ்சு போகும், அதை ஒரு தடவை கேட்டுட்டா விடவே மனசு வராது.

நல்ல தம்பூராவுல யாரும் மீட்டாமலே காந்தாரம் கேட்கும்பாங்க, ஸ்வயம்பு காந்தாரம்னு பேரு. அது தெய்வாதீனம் இல்ல, இதே அஞ்சாவது மடங்குதான். குதிரை (கம்பியைத் தாங்குற கட்டை) மேல கம்பிக்கு அடியில நூலை நகர்த்தி, நாதம் ரீங்கரிக்கிற இடமான ஜீவாவைப் பிடிக்கும்போது மேற்சுரங்கள் பலமா எழும்புது. சர் சி.வி. ராமன் தம்பூரா பத்தி இதைத்தான் 1921ல எழுதினாரு, அதுக்கு முன்னாடியே 1918ல வில் போட்ட கம்பி எப்படி அதிருதுன்னு பெரிய ஆய்வு வெளியிட்டாரு. 1917 வரைக்கும் கல்கத்தாவுல நிதித்துறை உத்தியோகம், ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்துலதான் ஆராய்ச்சி, அதுவும் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார்ங்கிறவர் நன்கொடை திரட்டி ஆரம்பிச்ச அறிவியல் சங்கத்துல. இசைக் கருவிங்களோட இயற்பியலுக்கு நம்ம பல்கலைக்கழகங்கள்ல இன்னும் நிறைய பணமும் இடமும் கொடுக்கணும்னு நான் உறுதியா நம்புறேன், தஞ்சாவூர்ல தம்பூராவும் வீணையும் செய்யற கைங்க இருக்கும்போதே அந்த வேலை நடக்கணும்.

சரி, ட்யூனர் ஆப். பெரும்பாலான ஆப்புங்க கீபோர்டு கணக்குல ஓடுது, ஒரு ஸ்தாயியை (ஸ-லருந்து மேல் ஸ வரைக்கும்) 12 சம பங்காப் பிரிக்கிற கணக்கு. அதுல காந்தாரம் 375 இல்ல, சுமார் 378. பச்சை லைட்டை நம்பி அங்க விரலை வெச்சா சுருதிப் பெட்டியோட செகண்டுக்கு 12 விம்மல் அடிக்கும். விரல் கிட்டத்தட்ட ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கு, ஆப் "சரி"ங்குது. கம்பியை ஸ, ப சேர்க்க ஆப் வெச்சுக்கலாம், சாதகத்துக்குக் காதுதான்.

முதல் காலத்துல (முதல் வேகத்துல) மெதுவா வாசிக்கச் சொல்றதுக்கும் காரணம் இதுலயே இருக்கு. செகண்டுக்கு ஒரு விம்மல்னா அது கேட்க ஒரு செகண்டாவது ஸ்வரம் நிக்கணும், கால் செகண்ட்ல தாண்டிப் போனா தப்பு காதுக்கு எட்டவே எட்டாது. அதனால நீளமா, ஒரே அழுத்தத்துல வில் போடணும். கமகம் (ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கிறது) வந்துட்டா இந்த உபாயம் ஓடாது, ஆனா கமகம் எங்கேருந்து கிளம்பி எங்க வந்து நிக்கணும்ங்கிறது இப்படிப் பழகின காதுக்குத்தான் தெரியும். இன்னொண்ணு, பெட்டி சத்தமும் வயலின் சத்தமும் காதுல ஏறக்குறைய சமமா இருக்கணும், அப்பத்தான் விம்மல் தெளிவாத் தெரியும், பெட்டியை ரூம் மூலையில வைக்காம பக்கத்துல வைங்க.

432 ஹெர்ட்ஸ்ல சுருதி வெச்சா நோய் தீரும்னு ஃபார்வர்டு சுத்துது, அதுக்கு எந்த ஆதாரமும் இல்ல. நம்ம இசையில ஸட்ஜம் எங்க வேணா வைக்கலாம், உறவுதான் முக்கியம், காந்தாரத்தோட 5/4ம் பஞ்சமத்தோட 3/2ம்தான் சங்கதி.

தாளத்துக்கு வருவோம். பாடுறவங்க கையில தாளம் போட்டுக்கலாம், வயலின்காரங்களுக்கு ரெண்டு கையுமே வேலையில இருக்கு, அதனால வெளியிலிருந்து தாளம் வந்தே ஆகணும். மெட்ரோனோம் தட்டோட சேர்ந்து தட்டச் சொன்னா மனுஷங்க பொதுவா சில பத்து மில்லிசெகண்ட் முன்னாடியே தட்டிடுறாங்க, ஏன்னா மூளை சத்தம் கேட்டுட்டுத் தட்டல, அடுத்தது எப்போன்னு முன்கூட்டியே கணிக்குது. ரெண்டு தட்டுக்கு நடுவுல இடைவெளி ரெண்டு செகண்டை நெருங்கினா அந்தக் கணிப்பு தடுமாறும். அதனால விளம்பத்துல (மெதுவான வேகத்துல) வாசிக்கும்போது ஒரு அட்சரத்துக்கு (தாளத்தோட ஒரு எண்ணிக்கைக்கு) ஒரு தட்டுன்னு வைக்காம நாலா பிரிச்சு வைங்க. அது நல்லா பழகினதும் ரெண்டாக் குறைங்க, அப்புறம் ஒண்ணு, அதுக்கப்புறம் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தோட ஒரு முழுச் சுற்றுக்கு) ஒரு தட்டு மட்டும் விட்டுட்டு பொண்ணு சமத்துல (சுற்று ஆரம்பிக்கிற இடத்துல) வந்து சேருறாளான்னு பாருங்க.