ஹெத்தெயைப் பேச விடுங்கள்

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகு மொழி பேசும் படுகர்களின் ஊர்) ஒன்றிலிருந்து, பேச்சு வரவில்லை என்று போன வாரம் இரண்டே முக்கால் வயதுப் பையனை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே கதையோடு வந்த எத்தனையாவது குழந்தை இது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பையன் ஏ முதல் இசட் வரை தடங்கலில்லாமல் சொன்னான். ஆங்கிலத்தில் இருபது வரை எண்ணினான். "அறிவெல்லாம் நல்லா இருக்கு மேடம், பேச்சுதான் வரல" என்றார் அப்பா. கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தாகம் எடுத்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர் பாட்டில் மேல் வைத்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

மூலையில் வெள்ளைத் துணி போர்த்தி அவன் ஹெத்தெ, அதாவது பாட்டி, உட்கார்ந்திருந்தார். "வீட்ல பேரன்கிட்ட என்ன பேசுவீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு முன்னால் மருமகளைப் பார்த்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு வருடம் முன்பு ஒரு பிளே ஸ்கூலில், "வீட்டில் படுகு பேசாதீர்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இல்லாவிட்டால் குழந்தை குழம்பிவிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஹெத்தெக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் தன் வீட்டிலேயே, தன் பேரனிடமே பேசுவதை நிறுத்திக்கொண்டார். சோறு ஊட்டுகிறார், கால் கழுவி விடுகிறார், தூங்க வைக்கிறார், எல்லாம் மௌனமாக. இங்கிலீஷ் பேசுவது வீட்டில் செல்போன் ஒன்றுதான், எனவே அதைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தயவுசெய்து கேளுங்கள். இரண்டு மொழி, மூன்று மொழி கேட்டு வளர்வதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. இந்த மலையைச் சுற்றிப் பாருங்கள். கூடலூர் கடைத்தெருவில் ஒரே ஆள் மலையாளத்தில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் போனை எடுப்பார். நம் பெரியவர்கள் படுகு, தமிழ் இரண்டையும் சிறு வயதிலேயே பேசப் பழகினார்கள். அவர்களில் யார் குழம்பிப் போனார்கள்? குழந்தை ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியையும் கலந்து பேசினால் அதுவும் குழப்பமில்லை. கையில் இருக்கிற சொல்லையெல்லாம் எடுத்துப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொற்களாவது இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம். அதில் முப்பது படுகு, இருபது தமிழ் என்றால் கணக்கு ஐம்பதுதான். ஒரு மொழியை மட்டும் எண்ணிவிட்டு "குறைவு" என்று எழுதுவது எண்ணுகிறவர் செய்யும் தப்பு.

பேச்சுக் குறைபாடு உள்ள குழந்தைக்கும் இதே பதில்தான். வீட்டு மொழியைப் பிடுங்கிவிட்டால் குறைபாடு தீராது, பேச்சுத்துணைதான் போய்விடும்.

இங்கிலீஷ் மட்டும் பேசும் வீடுகளில் உண்மையில் என்ன பேச்சு நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன். "கம். சிட். ஈட். நோ. ஃபினிஷ்." முழுக்கக் கட்டளை. அதே அம்மா தன் மொழியில் பேசும்போது, மழை ஏன் நின்றது, பூனை எங்கே ஒளிந்தது, கேரட்டில் ஏன் மண் ஒட்டியிருக்கிறது என்று வந்துகொண்டே இருக்கும். குழந்தைக்குத் தீனி அதுதான்.

"போன்லயும் பேச்சுதானே கேக்குது?" என்பார்கள். பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. 25 நிமிடம் வீதம் 12 முறை, சீன மொழி பேசும் ஒருவர் சில குழந்தைகளோடு நேரில் விளையாடிக்கொண்டே பேசினார். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறியத் தெரிந்தது. அதே பேச்சை வீடியோவில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. திரை குழந்தைக்குப் பதில் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் இதுதான்: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கு மேல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பா வீடியோ காலில் பேசினால் பேசட்டும். அவர் பதில் சொல்கிறாரே.

இன்னொன்று, குழந்தைக்குப் பரீட்சை வைக்காதீர்கள். "இது என்ன? இது என்ன கலர்? சொல்லு, மேடத்துக்குச் சொல்லு!" அன்றும் இதுதான் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைக்குள் ஒரு காட்டுமாடு வந்து நின்றது. பையன் விரலை நீட்டினான். "வாட் இஸ் திஸ்? சே பைசன்" என்றார் அப்பா. விரல் இறங்கிவிட்டது. நான் ஹெத்தெயைக் கைகாட்டினேன். அவர் எழுந்து போய், அவன் பக்கத்தில் குனிந்து, அவன் பார்த்த திசையையே பார்த்துப் படுகில் இரண்டு வரி சொன்னார். பிறகு பேசாமல் நின்றார். நான் மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். எட்டு எண்ணும்போது பையன் "ம்மா" என்று மாடு மாதிரிக் கத்தினான். ஹெத்தெயும் கத்தினார். அவன் திரும்பவும் கத்தினான்.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியதும் இதுதான். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள், காத்திருங்கள், அது எந்தச் சத்தம் கொடுத்தாலும் பதில் கொடுங்கள். பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான் விட்டுவிடுகிறோம்.

இலை எடுத்துவிட்டுச் சாயங்காலம் களைத்து வரும் அம்மாக்களிடம் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்தக் குளிரில் காலையில் பனியன், ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் என்று எத்தனை மாட்டுகிறீர்கள்! "கை எங்க? காணோமே... அட, வந்துருச்சு!" ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும், தாயே.

பேச்சு வரவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். கதவைத் தட்டினால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது. ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால் உடனே காட்டுங்கள். "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று மூன்றரை வயதுவரை உட்கார்ந்திருக்காதீர்கள். அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டலாம், பணம் கிடையாது. ஆட்டிசம் என்று தெரியவந்தால் அது நீங்கள் பேசாததால் வந்ததல்ல. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தப் பையனுக்குக் கேட்கும் திறன் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வியாழன் வருகிறார்கள். வழியில் படிக்கட்டு அதிகம் என்று ஹெத்தெயை வீட்டில் விட்டுவிட்டு வருவதாக அப்பா சொன்னார். கூடாது, அவர் கட்டாயம் வர வேண்டும் என்றேன். படியேற முடியாவிட்டால் கீழே நின்று போன் செய்யட்டும், நான் இறங்கி வருகிறேன்.