வழிப்படம்: 'ஃபேன் ஃபிலிம்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

போன மாசி மாதம் காட்பாடியில் என் அக்கா வீட்டு மொட்டை மாடியில் ஒரு படம் போட்டார்கள். அக்கா மகனும் அவனோடு படிக்கிற ஐந்து பேரும் சேர்ந்து எடுத்த 14 நிமிடப் படம். ஸ்டார் வார்ஸ் என்கிற ஹாலிவுட் விண்வெளிப் படங்களின் உலகத்தில் நடக்கிற கதைதான், ஆனால் அந்தப் படங்கள் எதிலும் வராத கதை. அதில் வருகிற பாலைவனக் கிரகம் விரிஞ்சிபுரத்துப் பக்கம் இருக்கிற பாலாற்று மணல், விண்கலத்தின் உட்புறம் ஒரு குட்டியானை வண்டியின் பின்பக்கம், சுற்றிலும் முட்டை அட்டை ஒட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்தது. இரண்டு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டியிருந்தார்கள்.

படம் தொடங்குமுன் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார், "இது இன்னா படம்பா, குறும்படமா?"

"இல்ல தாத்தா, ஃபேன் ஃபிலிம்."

"அப்படின்னா?"

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரசிகர் படம்" என்றான். உடனே அவர், "எந்த நடிகரோட ரசிகரு நீ?" என்று கேட்டார். பையனிடம் பதில் இல்லை. அவர் கேட்டதில் தப்பும் இல்லை. தமிழில் ரசிகர் படம் என்றால் ஒரு நடிகரின் ரசிகர்களுக்காக எடுத்த படம் என்றுதான் காதில் விழும், அல்லது ரசிகராக இருந்து இயக்குநரான ஒருவர் தன் நடிகரை வைத்து எடுத்த படம் என்று விழும். ரசிகர்களே எடுத்தது என்ற பொருள் மூன்றாவதாகத்தான் வருகிறது, பல பேருக்கு வருவதே இல்லை. அன்றிலிருந்து இந்தச் சொல் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே இருக்கிற ஒரு திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், நாவல் அல்லது காமிக்ஸின் உலகத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு உரிமை இல்லாத, அதன்மேல் ஆசை மட்டும் இருக்கிற ஆட்கள் சொந்தமாக எடுக்கும் படம்தான் ஃபேன் ஃபிலிம். லாபத்துக்காக எடுப்பதில்லை. எந்த வகைக் கதையிலும் எடுக்கலாம், ஆனால் அறிபுனையில்தான், அதாவது அறிவியல் புனைகதையில்தான், இது அதிகமாகத் தழைத்தது. ஏனென்றால் அறிபுனை ஒரு கதையோடு சேர்த்து ஒரு உலகத்தையே கையில் கொடுக்கிறது. கிரகங்கள், கலங்கள், சீருடைகள், சட்டதிட்டங்கள் என்று எல்லாம் தயாராக இருக்கும்போது, நாயகன் போகாத கிரகத்துக்கு நாம் போய்ப் பார்க்கலாமே என்று ஆசை வருவது இயல்பு. ரீமேக் வேறு, அது உரிமையை வாங்கிச் செய்வது. ஒருவர் படத்தையே வெட்டி ஒட்டி வேறு மாதிரி ஆக்குகிற ஃபேன் எடிட்டும் வேறு. கேலிப் படம் ஃபேன் ஃபிலிமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சரி, ஃபேன் என்ற சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் ஃபானும் என்றால் கோயில். அதிலிருந்து ஃபனாட்டிகுஸ், கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர் என்கிற மாதிரிப் பொருள். அது ஆங்கிலத்துக்கு வந்தபோது மதவெறி பிடித்தவர் என்று ஆனது, அப்புறம் 1880களின் கடைசியில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தின்மேல் பித்தாக இருந்தவர்களைக் குறிக்க ஃபேன் என்று சுருங்கிப் புழக்கத்துக்கு வந்தது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லின் வேர் கோயில் வாசலில்தான் இருக்கிறது.

நாம் வீட்டில் போடுகிற ஃபேன் வேறு சொல். அது வன்னுஸ் என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, தானியம் புடைக்கிற முறம் போன்ற கருவிக்குப் பெயர். இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியாகிவிட்டதால் தமிழில் யாரோ விளையாட்டாக விசிறி என்று மொழிபெயர்த்தார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. 'நான் உங்கள் விசிறி' என்று ஒரு தலைமுறையே வாசகர் கடிதம் எழுதியது. அந்தச் சொல்லில் ஒரு பாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசிறிப் படம் என்று சொன்னால் நம் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது திருவண்ணாமலை விசிறி சாமியாரின் படம்தான்.

ரசிகர் என்பது வடசொல். ரசம் என்றால் சாறு, சுவை. சோற்றில் ஊற்றிக்கொள்கிற ரசமும் அதே சொல்தான். அதன் தமிழ் சுவைஞர். ஆங்கிலச் சொல் கோயிலில் பிறந்தது, இது நாக்கில் பிறந்தது. சுவைக்கிறவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், சமைப்பவர் வேறொருவர். இங்கேதான் ரசிகர் படம், சுவைஞர் படம் இரண்டுமே எனக்கு இடித்தன. நம் ஆள் சுவைத்ததோடு நிற்கவில்லையே, அடுப்பங்கரைக்கே போய்விட்டானே.

ஃபிலிமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆங்கிலத்தில் மெல்லிய தோல் அல்லது சவ்வு என்று பொருள், பிறகு புகைப்படச் சுருளுக்கும் அதில் பதிவான படத்துக்கும் ஆனது. நம் படம் என்ற சொல்லுக்குத் துணி என்றும் துணியில் எழுதிய ஓவியம் என்றும் பழைய பொருள் உண்டு. வேட்டியில் படம் காட்டிய பையன்களுக்கு இந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது, அதனால் படம் அப்படியே இருக்கட்டும்.

ஃபேன் என்பதற்குத்தான் சொல் வேண்டும். ஆர்வலர் படம் என்று வைக்கலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். அமெச்சூர் என்ற சொல்லுக்கும் வேர்ப்பொருள் அன்பு செய்கிறவர் என்பதுதான். ஆனால் இன்றைக்கு ஆர்வலர் என்றதும் சமூக ஆர்வலர், சூழலியல் ஆர்வலர் என்றுதான் வருகிறது. ஏரியைக் காப்பாற்றச் சொல்லி எடுத்த ஆவணப்படம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்புறம்தான் நன்னூல் ஞாபகம் வந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன பகுதி. நூல் மூன்று வகை: முதல்நூல், வழிநூல், சார்புநூல். வழிநூலுக்குப் பவணந்தி சொல்லும் இலக்கணம் இது: 'முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்.' முன்னவர் செய்ததோடு ஒத்துப்போக வேண்டும், பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய மாறுதலைச் சொல்லலாம், மரபு அழியக்கூடாது. ஃபேன் ஃபிலிமுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. 'பின்னோன் வேண்டும் விகற்பம்' என்ற மூன்று சொல்லில் அந்தக் குட்டியானை விண்கலமும் அடங்கிவிட்டது.

அதனால் வழிப்படம். அறிபுனை உலகத்தில் எடுத்தால் அறிபுனை வழிப்படம். யார் எடுத்தது என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ரசிகர் வழிப்படம் என்று சேர்த்துக்கொள்ளலாம். இதில் எனக்கு இன்னொரு சந்தோஷமும் உண்டு. வழிபடு என்ற வினைக்குப் பின்பற்று என்றும் வணங்கு என்றும் இரண்டு பொருள். ஃபேன் என்ற சொல்லில் மறைந்திருக்கிற கோயில் இங்கேயும் வந்து சேர்கிறது, யாரும் வலிந்து கொண்டுவராமலே. எழுதும்போது ப் போட மறக்க வேண்டாம்.

வழிநூல் என்று நாம் மரியாதையாகப் பெயர் வைத்த இடத்தில் மேற்கில் இது வழக்கு மன்றம்வரை போன விஷயம். 1978இல் ஸ்டார் வார்ஸைக் கேலி செய்து ஒரு 13 நிமிடப் படம் வந்தது, அதில் இஸ்திரிப் பெட்டியும் ரொட்டி வாட்டும் டோஸ்டரும் விண்கலமாகப் பறந்தன. அதை யாரும் தடுக்கவில்லை. 2002இலிருந்து ஸ்டார் வார்ஸ் நிறுவனமே இந்த மாதிரிப் படங்களுக்குப் போட்டி வைத்துப் பரிசும் கொடுத்தது. ஸ்டார் ட்ரெக் என்கிற அமெரிக்க விண்வெளித் தொடரின் பக்கம் கதை வேறு மாதிரிப் போனது. அந்தத் தொடரின் மூன்றாம் பருவம் வந்ததற்கே 1960களின் பிற்பகுதியில் பார்வையாளர்கள் குவித்த கடிதங்கள் ஒரு முக்கியக் காரணம். அதனால் இது எங்களுடையது என்கிற உணர்வு அவர்களிடம் ஆழமாக இருந்தது, அது நியாயமான உணர்வு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அக்ஸனார் என்ற வழிப்படத்துக்கு மக்களிடம் 10 லட்சம் டாலருக்கு மேல் திரண்டபோது, உரிமை வைத்திருந்த நிறுவனங்கள் 2015 கடைசியில் வழக்குப் போட்டன. 2016 ஜூனில் விதிமுறைகள் வந்தன: ஒரு கதை 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, இரண்டு பகுதியாக எடுத்தாலும் மொத்தம் 30 நிமிடம்தான், நடிப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் சம்பளம் கிடையாது, திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக்கூடாது, தலைப்பில் ஸ்டார் ட்ரெக் என்ற பெயரே வரக்கூடாது. வழக்கு 2017 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. பணத்துக்கு வரம்பு வைத்தது எனக்குப் புரிகிறது. 15 நிமிடம் என்ற வரம்புதான் மனசுக்கு ஒப்பவில்லை, ஆசையை அளந்து கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு மகாராஷ்டிராவின் மாலேகான். விசைத்தறி ஊர். அங்கே வீடியோ கொட்டகை நடத்திவந்த ஷேக் நாசிர் என்பவர் ஊர்க்காரர்களை வைத்தே பெரிய படங்களுக்கு உள்ளூர் வடிவம் எடுத்தார், அதில் ஒன்று சூப்பர்மேன். பறக்கிற நாயகனாக நடித்தவர் ஒரு தறித் தொழிலாளி. அது எடுக்கப்பட்ட விதத்தை வைத்து வந்த ஆவணப்படத்தைப் பார்த்தபோது எனக்கு நம் குடியாத்தம்தான் நினைவுக்கு வந்தது. அதே தறிச் சத்தம், அதே சினிமா ஆசை.

ஆனால் வடாற்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மாலேகான்வரை போக வேண்டியதில்லை. நம் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி முழுக்கக் கூத்து. மகாபாரதம் யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும், கூத்தில் வருவது அப்படியே அது இல்லை என்பதும் தெரியும். கட்டியங்காரன் அந்த வருஷத்து ஊர்ச் சங்கதியை உள்ளே இழுப்பான், துரியோதனன் வேலூர்த் தமிழில் திட்டுவான். யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. கதை தெரிந்தவர்கள்தான் விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள், அடுத்து என்ன என்பதற்காக இல்லாமல், இவன் எப்படிச் செய்கிறான் பார்ப்போம் என்பதற்காக.

வழிப்படம் பார்க்கிறவர்களும் இப்படித்தான். அன்று மாடியில் இருந்தவர்களில் ஸ்டார் வார்ஸ் தெரிந்த நாலைந்து பையன்கள் ஒளிவாளின் சத்தத்தைத்தான் கவனித்தார்கள். சத்தம் சரியாக வந்ததும் கைதட்டல், அங்கிக்கு இடுப்புக் கயிறு தப்பு என்று ஒருவன் பொருமல். நடிப்பு மோசம் என்று யாரும் சொல்லவில்லை, அதை மன்னிக்கிறார்கள், விவரம் தப்பினால்தான் மன்னிப்பதில்லை. மூலம் தெரியாத பெரியவர்களுக்கோ கதை ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கிரகம் திரையில் விரிந்தபோது என் அத்தை சத்தமாகக் கேட்டார், "ஏண்டா, இது நம்ம பாலாறு தானே?" அதற்குப் பிறகு அவர் கண்ணை எடுக்கவில்லை.

இதற்கும் தமிழில் சொல் இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு உணர்ச்சிகளில் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே' என்கிறது நூற்பா. புதியதைக் கண்டு வியப்பது, மிகப் பெரியதைக் கண்டு, மிகச் சிறியதைக் கண்டு, ஒன்று இன்னொன்றாக ஆகி நிற்பதைக் கண்டு. அறிபுனை பிழைப்பது முழுக்க இந்த நான்கை வைத்துத்தான். பெரிய நிறுவனத்தின் படம் முதல் இரண்டையும் பணத்தால் கொடுத்துவிடும். வழிப்படத்திடம் புதுமை இல்லை, அந்த உலகத்தை எல்லோரும் முன்பே பார்த்தாகிவிட்டது, பெருமைக்குக் காசில்லை. அதனிடம் இருப்பது ஆக்கம். பாலாறு வேற்றுக் கிரகம் ஆகிறது, முட்டை அட்டை கலத்தின் சுவர் ஆகிறது, தினமும் பால் வாங்கப் போகிற பையன் வீரன் ஆகிறான். அது ஆகிவிட்டதும் தெரிகிறது, அடியில் பாலாறாகவே இருப்பதும் தெரிகிறது, இரண்டும் சேர்ந்து தெரியும்போது வருகிற வியப்பு பெரிய படத்தில் கிடைக்காது. ஜவ்வாது மலையில் காவலூர்த் தொலைநோக்கி வழியாக 1988இல் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். வானத்துக் கல் ஒன்றுக்கு நம் ஆள் பேர் என்று பள்ளியில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, அத்தைக்கு அன்று நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

படம் முடிந்த பிறகு பையனிடம் வழிப்படம் என்ற சொல்லைச் சொல்ல முடியவில்லை, எனக்கே அப்போது கிடைத்திருக்கவில்லை. போன வாரம்தான் சொன்னேன். நன்னூல் சூத்திரத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவன் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அப்போ நாங்க பின்னோனா மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த படத்துக்கு மணல் எடுக்காத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார்களாம், மேல்பட்டிப் பக்கம். தலைப்பு அட்டையில் கீழே சின்ன எழுத்தில் 'ஓர் அறிபுனை வழிப்படம்' என்று போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறான், ப் சரியாகப் போட்டிருக்கிறான்.