வட கொரியா என்ற பெயர் எந்தப் பில்லிலும் வராது

“நாங்கள் வட கொரியாவோடு வியாபாரமே செய்வதில்லையே, எங்களிடம் எதற்கு இந்தக் கேள்வியெல்லாம்?” இறக்குமதியாளர்களிடம் இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பில்லில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்து, இல்லை என்று டிக் அடித்துவிட்டால் அது சோதனை ஆகாது. பெயர் மாறி வருவதுதான் இந்த வியாபாரத்தின் அடிப்படையே.

கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும் நாடு என்று நினைக்கிறோமே, கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. 2017-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிலக்கரி, இரும்புத்தாது, கடலுணவு, துணி என்று அதன் ஏற்றுமதியை ஒவ்வொன்றாகத் தடுத்தது. அந்த டிசம்பரில் வந்த 2397-ஆம் தீர்மானம், வெளிநாட்டில் சம்பாதிக்கும் வட கொரியர்களை 24 மாதங்களுக்குள் திருப்பியனுப்பச் சொன்னது. அதற்குப் பிறகும் டாலர் போகிறது. தடைப் பட்டியலில் இல்லாத கைவேலை வழியாகவும், இன்னொருவர் பெயரில் செய்யும் கணினி வேலை வழியாகவும் போகிறது.

செயற்கை இமைமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் சீனாவிலிருந்து எல்லை தாண்டி வட கொரியாவுக்குப் போகும். அங்கே இழை இழையாகக் கையால் கோப்பார்கள். பாதி முடிந்த சரக்கு ஷான்டாங் மாகாணத்தின் பிங்டூ போன்ற ஊர்களுக்கு வரும். டப்பாவில் அடைத்து, ‘சீனத் தயாரிப்பு’ என்று லேபிள் ஒட்டிக் கப்பலேற்றுவார்கள். சீனச் சுங்கக் கணக்கிலேயே 2023-இல் வட கொரியாவிலிருந்து வந்த இமைமுடி, ஒட்டுத்தாடி, விக் எல்லாம் சேர்ந்து 1,680 டன். மதிப்பு ஏறக்குறைய 16.7 கோடி டாலர். ‘ஐ.நா. தடையில் முடி இல்லையே’ என்று வாதாடுபவர்கள் உண்டு. அமெரிக்காவுக்குத் தனித் தடை இருக்கிறது, அங்கே விற்பவருக்கு அந்த வாதம் எடுபடாது.

அங்குள்ள ஓர் அழகுசாதன நிறுவனம் 2012 முதல் 2017 வரை இரண்டு சீன சப்ளையர்களிடம் 156 முறை இமைமுடி வாங்கியது. சுமார் 80 சதவீதத்தில் வட கொரிய மூலப்பொருள் இருந்தது. 2019-இல் அமெரிக்க அரசுக்கு 9,96,080 டாலர் கட்டித்தான் விவகாரம் முடிந்தது. ஆடிட் நடக்காமல் இல்லை. தரத்தைப் பார்த்தார்கள், பொருள் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை.

எனவே சப்ளையரின் சாம்பிள் அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வராதீர்கள். சம்பளப் பட்டியலில் எத்தனை பேர், மாதம் எத்தனை ஜோடி வெளியே போகிறது என்று கணக்குப் போடுங்கள். ஆள் எண்ணிக்கைக்கு மீறிய உற்பத்தி என்றால் மீதியை யார் செய்தது? மூலப்பொருளுக்கும் வெளிவேலைக்கும் பணம் யாருக்குப் போனது என்று சப்ளையரின் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். கேட்காமல் வேலையை வெளியே கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஒரு சின்ன விஷயம்: நம் வர்த்தக அமைச்சகத்தின் நாட்டுப் பட்டியலில் ‘கொரியா டி.பி. ஆர்.பி.’ வடக்கு, ‘கொரியா ஆர்.பி.’ தெற்கு. அவசரத்தில் மாற்றித் தட்டிவிட்டு அப்புறம் விளக்கக் கடிதம் எழுதாதீர்கள். 2024 ஏப்ரலில் ஐ.நா. நிபுணர் குழு முடிந்ததோடு தடையும் போய்விட்டது என்பதும் பொய். ரஷ்யாவின் வீட்டோவால் போனது கண்காணித்த குழு மட்டும்தான்.

சாஃப்ட்வேர் நிறுவனங்களை நடத்துபவர்களே, உங்களுக்குக் கெஞ்சியே சொல்கிறேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் புரோகிராமர் என்று எடுக்கிறீர்கள். அப்படிப் பொய் அடையாளத்தில் நுழையும் வட கொரியர்களின் சம்பளத்தில் 90 சதவீதம் வரை அந்த அரசு பிடித்துக்கொள்வதாக 2022 மே மாதமே அமெரிக்க அரசு எச்சரித்துவிட்டது. வீடியோவில் முகம் காட்ட மறுப்பது, லேப்டாப்பை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்வது, சம்பளத்தை இன்னொருவர் கணக்கிலோ கிரிப்டோவிலோ கேட்பது, ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து பல பெயர்கள் உள்ளே வருவது: இதில் இரண்டு சேர்ந்தாலே நிறுத்திப் பாருங்கள். சந்தேகம் வந்ததும் கோபத்தில் ஃபோன் போட்டு நீக்கிவிடாதீர்கள். திருடிய மென்பொருள் நிரலை வெளியிடுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்டது பல இடங்களில் நடந்திருக்கிறது. முதலில் எல்லா அணுகலையும் மூடுங்கள், யார் எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும் லாக் கோப்புகளைப் பத்திரப்படுத்துங்கள், வக்கீலிடம் பேசுங்கள். அந்த ஆளிடம் அதற்குப் பிறகு பேசலாம்.